பூரணியின் அண்ணன் வீட்டுக்கு வந்த கதை

லா கூர்னெவ்
14 ஜனவரி 2024

அன்புத் தங்கை சாம்பவிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா, உதயனுக்கு இரவு வேலை மாறியதா என்பதை முதலில் எழுது. நாங்கள் இருக்கிறோம். உன் அத்தானுக்கு இருமல் மட்டும் விடவில்லை. மகள் துஷாந்தி பரீட்சை முடிந்து வீட்டில் நிற்கிறாள். நான் தமிழில் கேட்க அவள் பிரெஞ்சில் பதில் சொல்லும் எங்கள் வீட்டுக் கதைபேச்சு நீ அறிந்ததுதான்.

மெல்பேர்ணில் எழுதும் பெண்களைச் சேர்த்து ஒரு வட்டம் தொடங்கப்போவதாகச் சொல்லி, எங்கள் வட்டம் எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தாய். போனில் கதைத்தால் உனக்கு நித்திரை நேரம், எனக்கு வேலைக்கு ஓடும் நேரம். ஆகவே ஆறுதலாக எழுதுகிறேன்.

பாரிஸ் லாச்சப்பல் தமிழ்க்கடைத் தெருவில் வரதராசா அண்ணையின் சாப்பாட்டுக்கடை உனக்கு நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சனம் போனபிறகு பின்பக்க அறையை எங்களுக்கு விடுகிறார். அவரும் ஆண்டு விழாக்களுக்குச் சிரிப்பு நாடகம் எழுதுகிறவர்தான். தேத்தண்ணியும் ரோல்சும் அவர் செலவு. பெரும்பாலும் ஊர் ஆட்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஆதவன் என்ற பிள்ளையும் வருகிறான். ஒரே ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். ஒருவர் வாசித்து முடித்தால், மற்றவர்கள் தங்கள் மனதில் நின்றது எது என்று மட்டும் சொல்ல வேண்டும். குறை சொல்ல வெளியில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

தொடங்கிய புதிதில் ஒருவர் பெரிய கோப்போடு வந்து, "இஞ்சை எழுதிக் குடுக்கிறியளாம்" என்றார். இந்தத் தெருவில் எழுதுகிறவர் என்றால் அகதிக் கேஸ் எழுதுகிறவர்தான். நாங்கள் கதை எழுதுகிறவர்கள் என்றதும் மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அவரோடு கூட வந்த பெண் போகவில்லை. பூரணி என்று பெயர். முல்லைத்தீவுப் பக்கம். முப்பது வயது இருக்கும். ஒரு கடையின் பின்னால் மரக்கறி துப்புரவாக்குகிறாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வந்து, கதவோரக் கதிரையில் இருந்து கேட்டுவிட்டுப் போகிறாள். போன கிழமைதான், தானும் ஒன்று எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

குளிர் இங்கே கடுமை. உனக்கு அங்கே வெயில். தண்ணீரை நிறையக் குடி.

அன்புடன்,
அக்கா ஜெகதீஸ்வரி


மெல்பேர்ண்
11 பெப்ரவரி 2024

அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். அத்தானை டொக்டரிடம் காட்டினீர்களா? என் முழங்கால் படி ஏறும்போதுதான் கத்துகிறது. உதயனுக்கு வேலை மாறவில்லை.

எங்கள் வட்டம் தொடங்கிவிட்டது. நூலகத்தில் ஒரு சிறிய அறை தந்திருக்கிறார்கள். ஒரு வியட்நாம் பெண், ஒரு பிலிப்பைன்ஸ் ஆசிரியை, ஒரு மலையாளத்து நேர்ஸ், நான். ஒவ்வொருவரும் தங்கள் மொழியில் எழுதியதை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டுகிறோம். உங்கள் ஒழுங்கைத்தான் நானும் வைத்தேன். முதல் நாள் அந்த நேர்ஸ், தான் எழுதுவதாக இதுவரை ஒருத்தருக்கும் சொன்னதில்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். அன்றைக்கு எனக்கு உங்கள்மேல் பெரிய மரியாதை வந்தது அக்கா. நீங்கள் எத்தனை வருடமாக இதைச் சும்மா ஒரு வீட்டு வேலை மாதிரிச் செய்கிறீர்கள்.

பூரணி வாசித்தாளா? வாசித்திருந்தால் ஒரு பிரதி அனுப்புங்கள்.

பிள்ளைக்கும் அத்தானுக்கும் என் அன்பு.

சாம்பவி


லா கூர்னெவ்
17 மார்ச் 2024

சாம்பவிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். அத்தானுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். உன் நேர்ஸைப் பற்றி வாசித்துவிட்டு எங்கள் ஆட்களுக்கும் சொன்னேன். வரதராசா அண்ணைக்கு மிகப் புழுகம், முகமெல்லாம் சிரிப்பு.

இத்துடன் பூரணியின் கதை. அவள் கையெழுத்தில் நாலு பக்கம். அவளுடைய அண்ணன் யுத்தம் முடிந்த நேரம் விசாரணைக்கென்று கூட்டிப்போகப்பட்டவர். பிறகு தகவல் இல்லை. தாயும் இவளும் காணாமல்போனவர்களின் குடும்பங்களோடு றோட்டோரத்தில் குந்தியிருந்து போராடினார்கள். அதற்காக இவளைத் தேடி ஆட்கள் வீட்டுக்கு வரத் தொடங்க, தாய் காணியை விற்று அனுப்பிவிட்டாள். இதுதான் அவளுடைய கேஸ். முதல் விசாரணையில் நிராகரித்துவிட்டார்கள். இப்போது மேல்முறையீட்டுக்குக் காத்திருக்கிறாள்.

கதையில் ஒரு பெண் வீட்டில் தனிய இருக்கிறாள். தாய் போராட்டத்துக்குப் போயிருக்கிறாள். படலை திறக்கிற சத்தம் கேட்கிறது. அண்ணன் வந்து நிற்கிறான். அவ்வளவு வருடம் எங்கே இருந்தான் என்று அவள் கேட்கவில்லை. சோறு போடுகிறாள். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று அவன் சொல்கிறான். தாய் வரும்வரை அவன் நிற்பானா என்ற பயத்தில் அவள் மறுபடி மறுபடி சோறு போட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அவள் வாசித்து முடித்தாள். வரதராசா அண்ணை எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். ஆதவன்தான் கடைசியில், "அக்கா, இது ரொம்பப் பெரிய விஷயம். ஃப்ரெஞ்சுல நான் போடுறேன்" என்றான். ஜூனில் இங்கே ஆசிய மொழிகளில் எழுதும் புலம்பெயர்ந்தவர்களுக்காகச் சிறிய சங்கம் ஒன்று ஒரு மாலை நடத்துகிறது. வாசிக்கும் படைப்புகளைப் புத்தகமாகவும் அடிப்பார்களாம். பூரணிக்கு விருப்பம்தான். ஆனால் தன் பெயர் வேண்டாம், புனைபெயர் போடலாம் என்கிறாள். நீ என்ன நினைக்கிறாய்?

அக்கா


மெல்பேர்ண்
8 ஏப்ரல் 2024

அன்பு அக்கா,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று பிரார்த்தித்துக்கொண்டு எழுதுகிறேன். பூரணியின் கதையை ட்ராமில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. உப்புக் கூடிவிட்டது என்று அவன் சொல்கிற இடத்தில் நான் தாள்களை மடித்து வைத்துவிட்டேன்.

நீங்கள் கேட்டபடியால் சொல்கிறேன். கதையில் "அவள்", "அவள்" என்று எழுதியிருக்கிறாள். அது அவளைத் தள்ளி நிறுத்துகிறது. "நான்" என்று மாற்றச் சொல்லுங்கள். ஊர்ப் பெயரையும் அண்ணனின் பெயரையும் அப்படியே போடட்டும். புனைபெயர் வேண்டவே வேண்டாம். எங்கள் பெண்கள் எவ்வளவு காலம்தான் ஒளித்திருந்து எழுதுவது? ஒரு வட்டம் இருப்பதன் பயனே, ஒருத்தி தன் பெயரோடு எழும்பி நிற்கும்போது பின்னால் நாலு பேர் நிற்பதுதான். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள் அக்கா. நான் சொன்னதாகவே அவளுக்குச் சொல்லுங்கள்.

என் ஆட்களுக்கும் இந்தக் கதையைச் சொல்லப்போகிறேன். அனுமதி வாங்கித் தாருங்கள்.

முழங்காலுக்கு ஊசி போட்டார்கள். பரவாயில்லை.

அன்புடன்,
சாம்பவி


லா கூர்னெவ்
23 ஜூன் 2024

என் அருமைத் தங்கைக்கு,

ஊசிக்குப் பிறகு எப்படி? கடைகளுக்கு நடக்கிறாயா? இங்கே எல்லோரும் சுகம். நான் இன்று சந்தோஷத்தோடு எழுதுகிறேன்.

அந்த மாலை நடந்து முடிந்தது. உன் கடிதத்தைப் பூரணிக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். தன் தாள்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். "நீங்கள் ரெண்டு பேரும் சொன்னால் சரியக்கா" என்றாள். இரண்டு ஞாயிறு என் பக்கத்தில் இருந்து "அவள்" எல்லாவற்றையும் "நான்" ஆக்கினோம். நீ சொன்னது உண்மை. கதை அப்படியே நெஞ்சுக்குக் கிட்ட வந்துவிட்டது.

மண்டபத்தில் வியட்நாம்காரர், கம்போடியர், வங்காளிகள் என்று நிறையப்பேர். பூரணி தமிழில் வாசிக்க, ஆதவன் பின்னால் பிரெஞ்சில் வாசித்தான். கம்போடியாவிலிருந்து வந்த ஒரு வயதான எழுத்தாளர் அம்மா, மேடையிலிருந்து இறங்கியவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவர்கள் பேசிய மொழி இவளுக்கு விளங்காது. இவள் சொன்னது அவர்களுக்கு விளங்காது. ஆனாலும் இருவரும் கனநேரம் கதைத்தார்கள். துஷாந்தியும் வந்திருந்தாள். எங்கள் வட்டத்தில் எழுதியதை அவள் முதல்முதலாக வாசித்தது இதுதான், பிரெஞ்சில். வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

புத்தகம் வடிவாக வந்திருக்கிறது. இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். பூரணியின் பெயருக்குக் கீழே "தெமுவான்யாஜ்" என்று அச்சடித்திருந்தார்கள். சாட்சியம் என்று அர்த்தம். கதை என்றல்லவா போட வேண்டும் என்று ஆதவனிடம் கேட்டேன். அது ஒரு மரியாதைக்குப் போடுகிற சொல், கனம் கூடும் என்றான்.

இன்னொரு காரியமும் செய்தேன். அவளுடைய அவொக்காவை, அதுதான் வழக்கறிஞர் அம்மாவை, போய்ச் சந்தித்தேன். இந்த நாட்டில் இவளுக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், இவள் எழுதுகிறாள், மதிக்கப்படுகிறாள் என்று வட்டத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதி, எல்லோரும் கையெழுத்து வைத்து, அதோடு இந்தப் புத்தகத்தையும் கொடுத்தேன். நல்லது, கோப்பில் சேர்க்கிறேன் என்றார். மேல்முறையீடு செப்டெம்பரில்.

உதயனைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


மெல்பேர்ண்
19 ஜூலை 2024

அன்பு அக்கா,

உங்கள் கடிதத்தை உதயனுக்கும் வாசித்துக் காட்டினேன். நான் இங்கே மெதுவாக நடக்கிறேன். குளிருக்கு மட்டும் கால் பிடிக்கிறது.

எங்கள் வட்டத்தில் பூரணியின் கதையை ஆங்கிலத்தில் சொன்னேன். வியட்நாம் பெண்ணின் தமையனும் கடலில் காணாமல்போனவர். அவள் அடுத்த கூட்டத்துக்கு எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு கதை எங்கிருந்து எங்கே போய் என்ன செய்கிறது பாருங்கள். பூரணிக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவள் அடுத்து என்ன எழுதுகிறாள்? இரண்டு வட்டமும் சேர்ந்து ஒரு தொகுப்புப் போடலாம் என்று யோசிக்கிறேன்.

கேஸ் முடிந்ததும் உடனே எழுதுங்கள். இந்த முறை கிடைக்கும் அக்கா. எனக்கு அப்படித் தோன்றுகிறது.

சாம்பவி


லா கூர்னெவ்
27 ஒக்டோபர் 2024

சாம்பவிக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. குறை நினைக்காதே. நாங்கள் சுகம். வேலையில் இரண்டு பேர் லீவு, அதனால் நேரம் கிடைக்கவில்லை. இங்கே இலையெல்லாம் கொட்டி முடிந்தது.

பூரணியின் மேல்முறையீடு சரிவரவில்லை. இவர்கள் எத்தனையோ காரணம் சொல்வார்கள். வட்டம் சில கிழமையாகக் கூடவில்லை. வரதராசா அண்ணையின் கடையில் பெயின்ற் அடிக்கிறார்கள்.

தொகுப்பைப் பற்றிப் பிறகு பார்ப்போம். உன் கால் கவனம்.

அக்கா


மெல்பேர்ண்
16 நவம்பர் 2024

அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பிக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் கடிதம் அரைப் பக்கம். அதில் பூரணிக்கு இரண்டு வரி. மற்ற இடமெல்லாம் இலையும் பெயின்றும்.

நான் செய்த பிழை என்ன? நான் தூரத்தில் இருக்கிறேன் என்பதற்காக எனக்குச் சொல்ல வேண்டியதில்லையா? அவளை அவர்கள் நம்பவில்லையா? அந்தக் கதையை வாசித்த பிறகுமா?

சும்மா இருக்க முடியாது அக்கா. எங்கள் வட்டத்தில் கதைத்தோம். எல்லோரும் கையெழுத்து வைத்து ஒரு மனு அனுப்பலாம். அவளுக்காக ஒரு சிறப்பிதழ் போடலாம். இங்குள்ள ஒரு சஞ்சிகைக்கு அவளைப் பற்றி நான் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டேன். கதையையும் அதில் சேர்க்கப்போகிறேன். மொழிபெயர்ப்புக்கு அனுமதி கேட்டு ஆதவனுக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். நீங்கள் எழுதாவிட்டாலும் அவர் எழுதுவார்.

கோபத்தில் எழுதுகிறேன். ஆனாலும் உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாம்பவி


மெல்பேர்ண்
2 டிசெம்பர் 2024

அக்கா,

சுகம் கேட்டு எழுதத் தெரியவில்லை இன்றைக்கு.

ஆதவன் பதில் எழுதியிருந்தார். கட்டுரை வேண்டாம், கதையைத் தயவுசெய்து எங்கும் மறுபடி போடாதீர்கள் என்று. ஏன் என்று கேட்டேன். சுருக்கமாகச் சொல்லிவிட்டார். அந்தப் புத்தகம்தான் காரணம் என்று.

"நான்" என்று மாற்றச் சொன்னது நான். பெயரைப் போடச் சொன்னது நான். நீங்கள் அதை எனக்குத் தெரியாமல் வைத்திருக்கத்தான் இலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இனி அப்படி வேண்டாம். அங்கே என்ன நடந்தது என்று எனக்கு முழுதாக எழுதுங்கள். பூரணி இப்போது எங்கே?

சாம்பவி


லா கூர்னெவ்
5 ஜனவரி 2025

என் தங்கைக்கு,

நீ நித்திரை கொள்கிறாயா, சாப்பிடுகிறாயா என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இதை வாசித்துவிட்டு உதயனோடு கொஞ்ச நேரம் இருந்து கதை. தனிய இராதே.

விசாரணைக்கு நானும் போனேன். பின்னால் போட்டிருந்த வாங்கில் இருக்க விட்டார்கள். பூரணி என்னுடைய நீலக் கோட்டைப் போட்டிருந்தாள். நடுவில் இருந்த நீதிபதி அம்மா நல்லவராகத்தான் தெரிந்தார். குரலில் கடுமை இல்லை. அரைவாசிக்கு மேல் எல்லாம் ஒழுங்காகப் போனது. தாயைப் பற்றி, போராட்டத்தைப் பற்றி, வீட்டுக்கு வந்த ஆட்களைப் பற்றிக் கேட்டார்கள். தடுமாறாமல் சொன்னாள்.

பிறகு அந்த அம்மா கோப்பிலிருந்து எங்கள் புத்தகத்தை எடுத்தார். இதை எழுதியது நீங்களா என்று கேட்டார். ஓம் என்றாள். கொஞ்சம் நிமிர்ந்துகூட இருந்தாள், சாம்பவி. தன் எழுத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இதில் உங்கள் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வருகிறார், உங்கள் பெயர், உங்கள் ஊர், அவருடைய பெயர் எல்லாம் இருக்கிறது, சாட்சியம் என்றும் இருக்கிறது, எங்களுக்கோ அவர் வரவேயில்லை என்று சொல்கிறீர்கள், எது உண்மை என்று கேட்டார்.

"அது கதை" என்றாள் பூரணி.

மொழிபெயர்ப்பாளர் அதை "இஸ்த்துவார்" என்றார். பிழையான சொல் அல்ல. பிரெஞ்சில் கதைக்கும் அந்தச் சொல்தான், ஒருவருக்கு நடந்ததற்கும் அந்தச் சொல்தான் என்று பிறகு துஷாந்தி விளங்கப்படுத்தினாள். இது உங்களுக்கு நடந்ததுதானே என்று நீதிபதி மறுபடி கேட்டார். பூரணி திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அவர் வரேல்லை. வந்தால் எப்பிடி இருக்கும் எண்டு எழுதினனான்."

அவொக்கா எழும்பி, இது புனைவு, இலக்கியம் என்று வாதாடினார். ஆனால் அந்தப் புத்தகத்தைக் கோப்பில் வைத்ததே அவர்தான். அதை அவர் வாசித்திருக்கவில்லை என்பது அவர் பேசிய விதத்தில் எனக்கே தெரிந்தது. அவர் கையில் கொடுத்தது நான். நான் கையை உயர்த்தினேன். பின்வாங்கில் இருக்கும் ஆட்கள் பேச முடியாது என்று காவலாளி மரியாதையாகச் சொன்னார். இருந்துவிட்டேன்.

சில கிழமையில் முடிவு வந்தது. சொன்னதற்கும் வெளியிட்டதற்கும் உள்ள வேறுபாட்டை அவள் விளங்கப்படுத்தவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதன் பிறகு நாங்கள் செய்யாததில்லை. கதை முதலில் "அவள்" என்றுதான் எழுதப்பட்டது என்று ஆதவன் ஒரு கடிதம் எழுதினான். நான் ஒன்று எழுதினேன். அந்த மாலையை நடத்திய சங்கத்தார், சாட்சியம் என்று போட்டது தங்கள் தெரிவு என்று எழுதித் தந்தார்கள். பூரணியின் கையெழுத்துப் பிரதியையும் சேர்த்து வைத்தோம். இதெல்லாம் முன்னுக்கே வந்திருக்க வேண்டும், இப்போது புதிய ஆதாரமாக எடுக்கமாட்டார்கள் என்றார் அவொக்கா. எடுக்கவில்லை. பிறகு, நாட்டைவிட்டுப் போகச் சொல்லும் கடிதம் வந்தது.

எங்கள் வட்டத்தில் இருப்பவர்களுக்கு எழுதத்தான் தெரியும். எழுதினோம் எழுதினோம் எழுதிக்கொண்டே இருந்தோம். ஒரு நாள் வரதராசா அண்ணை, "இனி எழுதாதேங்கோ பிள்ளையள், நாங்கள் எழுத எழுத அவளுக்குத்தான் கெடுதலாப் போகுது" என்று சொல்லிவிட்டு மேசையைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். பெயின்ற் அடித்ததாக நான் எழுதியது பொய். அன்றோடு ஒருவரும் வரவில்லை.

பூரணி கடைசியாக இங்கே, எங்கள் வீட்டுக்கு வந்தாள். கோட்டைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்தாள். நீயே வைத்துக்கொள் என்றாலும் கேட்கவில்லை. உன் மனுவைப் பற்றியும் கட்டுரையைப் பற்றியும் சொன்னேன். தன் பெயரில் இனி ஒன்றும் வேண்டாம் என்றாள். உன்னைக் கோபித்துப் பேசவில்லை. உன் வியட்நாம் சிநேகிதி எழுதியதைப் பற்றிச் சொன்னபோது, அவவுக்கு என்ன விசா என்று மட்டும் கேட்டாள். அந்த நாட்டுக் குடியுரிமை இருக்கிறது என்றேன். அப்போ பரவாயில்லை என்றாள்.

கதையை இணையத்திலிருந்து எடுக்கச் சங்கத்தார் சம்மதித்துவிட்டார்கள், இன்றைக்கே எடுப்பிக்கிறேன் என்று சொன்னேன். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"எடுக்காதேங்கோ அக்கா. அவர் வேற ஒரு இடத்துக்கும் வரேல்லை."

எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, வேறு ஊரில் ஒரு தெரிந்த ஆள் இருக்கிறார் என்றாள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. தெரிந்தால் உங்களுக்குத்தான் கரைச்சல் என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவள் நிற்க, நான் அவளுக்குப் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது லிஃப்ட் கீழே போய்விட்டது. படியால் இறங்கி ஓடினேன். தெருவில் ஆள் இல்லை. அடுத்த நாள் அவளுடைய போன் வேலை செய்யவில்லை.

நீ ஒரு சொல் சொன்னாய். நான் பக்கத்தில் இருந்து மாற்றினேன். ஆதவன் மொழிபெயர்த்தான். வரதராசா அண்ணை தேத்தண்ணி தந்தார். எல்லோரும் அவளுக்கு நல்லதென்றுதான் செய்தோம். இதை உனக்கு ஆறுதலாக எழுதத்தான் நினைத்தேன். எழுதிப் பார்த்தால் ஆறுதலாக வரவில்லை.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அக்கா


மெல்பேர்ண்
9 பெப்ரவரி 2025

அன்பு அக்கா,

சாப்பிடுகிறேன். நித்திரைதான் வருவதில்லை. உதயன் லீவு போட்டு வீட்டில் நின்றார்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். என்னால் அவளுக்குச் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று தேடித்தான் வாசித்தேன். கிடைக்கவில்லை. தொடங்கிய கட்டுரையை அழித்துவிட்டேன். அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எங்கே அனுப்புவது?

எங்கள் வட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். நான் அதற்காகச் சொல்லவில்லை அக்கா. அந்த நேர்ஸுக்கு நிரந்தர விசா இன்னும் வரவில்லை. அவள் தன் தாள்களைப் பைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. போன் பண்ணிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

பூரணியைப் பற்றி ஏதாவது தகவல் வந்தால், நல்லதோ கெட்டதோ, ஒளிக்காமல் எழுதுங்கள்.

சாம்பவி


லா கூர்னெவ்
30 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

நித்திரைக்கு டொக்டரிடம் ஏதாவது கேள். வெட்கப்படாதே. இங்கே வீட்டில் குறை இல்லை. மரங்கள் மறுபடி துளிர்க்கின்றன.

பூரணியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவள் வேலை செய்த கடையில் கேட்டேன். இன்னொரு பெண் நிற்கிறாள். பொபினியில் அவள் இருந்த அறையில் வேறு ஆட்கள். கார் து நோர் ரயில் நிலையத்தில் அவளைப் போல நீளப் பின்னலோடு யாராவது முன்னால் போனால் எட்டி நடக்கிறேன். முகம் வேறாக இருக்கிறது.

வரதராசா அண்ணை விடாப்பிடியாக நின்று, போன ஞாயிறு வட்டத்தை மறுபடி கூட்டினார். பழைய ஆட்களில் பாதிப்பேர் வந்தோம். ஆதவன் தங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தான். ஆர்த்திகா என்று பெயர், கோயம்புத்தூர்ப் பக்கம், மாணவர் விசாவில் இருக்கிறாள். நாங்கள் கேட்காமலே பையிலிருந்து தாள்களை எடுத்து வாசித்தாள். வீட்டில் சொல்லாமல் படிப்பை விட்டுவிட்ட ஒரு மகள், ஒவ்வொரு கிழமையும் தகப்பனிடம் போனில் பாடங்களைப் பற்றிச் சொல்கிறாள். தகப்பன் அதையெல்லாம் ஒரு கலண்டரில் குறித்துவைக்கிறார். "நான்" என்றுதான் எழுதியிருந்தாள்.

முடிந்தது. வழக்கப்படி இப்போது நாங்கள் ஒவ்வொருவராக, மனதில் நின்றதைச் சொல்ல வேண்டும். வரதராசா அண்ணை கேத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆதவன் குனிந்துவிட்டான். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். பிறகு சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"நல்லா இல்லையாங்க?" என்று கேட்டாள்.

நல்லாயிருந்தது, சாம்பவி. தான் போகாத வகுப்பில் ஆசிரியர் சொன்னதாக மகள் ஒரு பகிடியைச் சொல்ல, தகப்பன் அங்கே சத்தம் போட்டுச் சிரிக்கிறார். அந்த இடம் எனக்கு நின்றது. அதைச் சொன்னால் போதும். ஒரு வரி. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"இதை வேற ஆருக்கும் காட்டினனீங்களோ?"

இல்லை, இங்கேதான் முதலில் என்றாள்.

"அப்ப வீட்டை கொண்டுபோய்ப் பத்திரமா வைச்சிருங்கோ பிள்ளை" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் அவளைக் கேலி செய்கிறேனோ என்று நினைத்திருக்க வேண்டும். தாள்களை ஒழுங்காக அடுக்கி, இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தாள். கொஞ்ச நேரம் மரியாதைக்கு இருந்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று எழும்பினாள். கதவு வரைக்கும் போனேன். ஏதாவது சொல்லுவேன் என்று அவளும் ஒரு கணம் நின்று பார்த்தாள். கவனமாகப் போங்கோ என்று சொன்னேன்.

வரும் ஞாயிறு அவள் வருவாளா என்று ஆதவனைக் கேட்டேன். தெரியாது என்றான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா